ஒரே குடும்பம், இரண்டு பத்திரிகைகள்: ‘காட்ஸன்ஜாமர் கிட்ஸ்’ பிரிந்த நிகழ்வு

நிகழ்வு, சுருக்கமாக

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்த ஒரு படக்கதை. ருடால்ஃப் டர்க்ஸ் என்ற ஒரே ஓவியர் அதைப் பதினைந்து ஆண்டுகள் வரைந்திருக்கிறார். ஒரு கட்டத்தில் நீண்ட விடுப்பு கேட்கிறார். பத்திரிகை முதலாளி ஹியர்ஸ்ட் மறுக்கிறார். ஓவியர் வேலையை விட்டுப் போய்விடுகிறார். பத்திரிகை வேறொருவரை வைத்து அதே கதையைத் தொடர்கிறது. ஓவியரோ போட்டிப் பத்திரிகையில் அதே பாத்திரங்களை வரையத் தொடங்குகிறார். விஷயம் நீதிமன்றம் போகிறது. பெயர் பழைய பத்திரிகைக்கு, பாத்திரங்களை வரையும் உரிமை ஓவியருக்கும் உண்டு என்று தீர்ப்பு வருகிறது. 1914இல் தொடங்கிய அந்த இரட்டை வாழ்க்கை 1979 வரை நீடித்தது.

படம் வரைபவர்களும், வரையச் சொல்லிக் காசு கொடுப்பவர்களும் இன்றும் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தப் பழைய வழக்கை எடுத்துக்கொண்டோம். ஓவியர் பாவம், முதலாளி கொடுமைக்காரர் என்று இதைச் சொல்லிவிடுவது சுலபம். நடந்ததைத் தேதிவாரியாகப் பார்த்தால் அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. முக்கியமாக, முதலாளியைத் தோற்கடித்த வாதம் எட்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய நிறுவனமே ஜெயிக்க உதவிய வாதம்.

பின்னணி: ஆள் தூக்கும் காலம்

1895இல் வில்லியம் ராண்டால்ஃப் ஹியர்ஸ்ட் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்து ‘நியூயார்க் ஜர்னல்’ பத்திரிகையை வாங்கினார். எதிரில் இருந்தது ஜோசப் புலிட்சரின் ‘நியூயார்க் வேர்ல்டு’. புலிட்சர் ஹங்கேரியிலிருந்து வந்து, செயின்ட் லூயிஸ் நகரில் ஜெர்மன் மொழிப் பத்திரிகையில் தொழில் பழகியவர். இரண்டு பேருக்குமே விற்பனையின் உயிர்நாடி ஞாயிறு பதிப்பு. அதிலும் வண்ணத்தில் அச்சான நகைச்சுவை இணைப்பு. ஆங்கிலம் சரியாக வாசிக்கத் தெரியாத குடியேறிகள்கூட அந்த இணைப்புக்காகப் பத்திரிகை வாங்கினார்கள்.

ஹியர்ஸ்ட் புதிதாக ஆள் தேடிக்கொண்டிருக்கவில்லை. 1896இன் தொடக்கத்தில் வேர்ல்டின் ஞாயிறு பதிப்புக் குழுவையே அதிகச் சம்பளம் காட்டித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் ரிச்சர்ட் அவுட்கால்ட் என்ற ஓவியரையும் இழுத்தார். வேர்ல்டில் ‘ஹோகன்ஸ் ஆலி’ என்ற தலைப்பில் ஏழைத் தெருப் பிள்ளைகளின் அட்டகாசத்தை வரைந்தவர் அவர். மொட்டைத் தலை, பெரிய காது, கணுக்கால் வரை மஞ்சள் அங்கி, அந்த அங்கியின் மேலேயே எழுதிய வசனம் என்று ஒரு பையன் அதில் வருவான். ஊரே அவனை ‘மஞ்சள் பையன்’ என்றுதான் சொன்னது.

ஓவியர் போய்விட்டார். சரி, பையன்? வேர்ல்டு அவனை விடவில்லை. ஜார்ஜ் லக்ஸ் என்ற இன்னொரு ஓவியரை வைத்து ‘ஹோகன்ஸ் ஆலி’ தொடரையே தொடர்ந்தது. ஜர்னலில் அவுட்கால்ட் வரைந்த பையன், வேர்ல்டில் லக்ஸ் வரைந்த பையன் என்று நியூயார்க்வாசிகளுக்கு இரண்டு மஞ்சள் பையன்கள் கிடைத்தார்கள். 1898க்குள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. ஆனால் பத்திரிகை முதலாளிகளுக்கு ஒரு சங்கதி புரிந்தது: ஓவியரைத் தூக்கிவிடலாம், எதிராளி அதே உருவத்தை வரைவதைத் தடுக்க முடியாது. அந்தக் காலத்துச் சட்டத்தில் அச்சான படத்துக்குப் பதிப்புரிமை உண்டு, தலைப்புக்கு வணிகக் குறிபோல ஒரு பாதுகாப்பும் கேட்கலாம். கற்பனைப் பாத்திரம் ஒன்றைத் தனிச் சொத்தாகப் பார்க்கும் பழக்கம் நீதிமன்றங்களுக்கு இன்னும் வரவில்லை.

1897: தொடர் பிறந்த விதம்

ருடால்ஃப் டர்க்ஸ் 1877இல் ஜெர்மனியின் வடக்கே ஹைடே என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைப் படம் விற்றுப் பிழைத்தபடி நியூயார்க் வந்து 1897இல் ஜர்னலில் சேர்ந்தார். அப்போது வயது இருபது. அவருடைய தம்பி கஸ் டர்க்ஸும் ஓவியர்தான். பூச்சிகளை மனிதர்களைப்போல வரைவதில் பெயர் பெற்றவர்.

நகைச்சுவை இணைப்பின் பொறுப்பில் இருந்த ருடால்ஃப் பிளாக் புதிய ஓவியரிடம் கேட்டது சுயமான கற்பனையை அல்ல. ஜெர்மன் ஓவியர் வில்ஹெல்ம் புஷ் 1865இல் வெளியிட்ட ‘மாக்ஸ் உண்ட் மோரிட்ஸ்’ என்ற படப் புத்தகத்தின் சாயலில் ஒன்று வேண்டும் என்றார். அதில் இரண்டு போக்கிரிப் பையன்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஏழு குறும்புகள் செய்வார்கள். கடைசியில் மாவு ஆலையில் அரைபட்டு, வாத்துகளுக்குத் தீனியாகிவிடுவார்கள்.

1897 டிசம்பர் 12ஆம் தேதி ‘காட்ஸன்ஜாமர் கிட்ஸ்’ முதன்முதலாக வந்தது. முதல் தடவை பையன்கள் மூவர். சீக்கிரமே ஒருவன் காணாமல் போக, ஹான்ஸ், ஃபிரிட்ஸ் என்ற இருவர் மட்டும் நிலைத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பின்னாளில் ‘பாத்திரங்கள் என்னுடையவை’ என்று ஓவியர் கோரினார். ‘எங்கள் பணத்தில், எங்கள் பக்கத்தில் பிறந்தவை’ என்பது பத்திரிகையின் நிலை. யோசனை ஆசிரியருடையது, மாதிரி புஷ்ஷினுடையது, கை டர்க்ஸுடையது, அச்சும் காசும் ஹியர்ஸ்டுடையவை. நான்கு பேர் பங்கு கேட்கக்கூடிய ஒரு பொருளை யாருடையது என்று தீர்க்காமலே பதினைந்து வருடம் ஓட்டியிருக்கிறார்கள்.

பக்கத்தில் கண்டவை

தொடக்கத்தில் பெரும்பாலும் பேச்சே இல்லை. படங்கள் வரிசையாக ஓடும், வாசகர் புரிந்துகொள்வார். அப்புறம் பேச்சுக் குமிழிகள் வந்தன. ஒவ்வொரு வாரமும் நிலையான கட்டங்கள், அதே முகங்கள், குமிழிக்குள் பேச்சு என்ற மூன்றையும் சேர்த்து வழக்கமாக்கிய முதல் தொடர்களில் இதுவும் ஒன்று. மஞ்சள் பையன் பெரும்பாலும் ஒரே பெரிய படத்தில் நூறு வேடிக்கைகளை அடைத்துவைத்த பக்கம். இங்கே கண் இடமிருந்து வலமாகப் போய் அடுத்த வரிக்கு இறங்குகிறது. அடுத்த கட்டத்தில் என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்புதான் சிரிப்பைத் தூக்கிப் பிடிக்கிறது.

குறட்டை விடுகிறவர் தலைக்கு மேலே ஒரு ரம்பம் மரக்கட்டையை அறுக்கும். அடி விழுந்தால் நட்சத்திரம் பறக்கும். பயந்தவன் முகத்திலிருந்து வியர்வைத் துளிகள் சிதறும். இன்று குழந்தைகூட வரையும் இந்தக் குறிகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் டர்க்ஸுக்கு முக்கியமான பங்கு உண்டு என்று படக்கதை வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள்.

கதைக்கட்டு எப்போதும் ஒன்றுதான். குண்டு அம்மா ஜன்னலில் பண்டத்தை ஆறவைப்பாள். பையன்கள் அதைத் திருடுவார்கள், இல்லையென்றால் வாதநோய்க் காலைத் தூக்கி வைத்துத் தூங்கும் கேப்டனின் நாற்காலிக்கு அடியில் பட்டாசு வைப்பார்கள். கடைசிக் கட்டத்தில் முழங்காலில் குப்புறப் போட்டு அடி. கேப்டன் 1902இல் வந்து சேர்ந்தார். கப்பல் உடைந்து கரைசேர்ந்த மாலுமி, வீட்டில் ஒட்டிக்கொண்டு அப்பா ஸ்தானத்தில் இருப்பவர். பள்ளிக்கூடத்துக்குப் பிடித்துப்போகத் திரியும் நீளத்தாடி இன்ஸ்பெக்டர் 1905இல் வந்தார். எல்லோரும் ஜெர்மன் நாக்கில் உருண்ட ஆங்கிலம் பேசினார்கள். நியூயார்க்கில் ஜெர்மன் வழி வந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்ததால் அந்தப் பேச்சு எந்த வாசகருக்கும் அந்நியமாக இல்லை.

புஷ்ஷின் பையன்கள் ஏழாவது குறும்போடு முடிந்தார்கள். டர்க்ஸின் பையன்களுக்குச் சாவு கிடையாது, அடி மட்டும்தான். அடுத்த ஞாயிறு அவர்கள் திரும்பி வரவேண்டும் அல்லவா? நகலுக்கும் மாதிரிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. சாகாத பாத்திரம் வாரம் வாரம் காசு கொண்டுவரும். அப்படிப்பட்ட பாத்திரத்துக்குத்தான் பிறகு வழக்கு நடக்கும்.

முன்னோடி வழக்கு: 1906

ஹியர்ஸ்டிடம் வந்த அவுட்கால்ட் அங்கேயே நிற்கவில்லை. 1902 மே மாதம் ‘நியூயார்க் ஹெரால்டு’ பத்திரிகையில் ‘பஸ்டர் பிரவுன்’ தொடங்கினார். பணக்கார வீட்டுப் பையன், கூடவே டைஜ் என்ற நாய். தொடர் பெரும் வெற்றி. 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பஸ்டரின் பெயரையும் படத்தையும் பல வணிகர்களுக்கு விற்றார். பிரவுன் என்ற பெயருள்ள செருப்பு நிறுவனம்கூட வாங்கியது.

1906இல் ஹியர்ஸ்ட் அவரை மறுபடி தூக்கினார். ஹெரால்டு தன் தலைப்பைக் காப்பாற்ற நீதிமன்றம் போனது. எதிர்த்தரப்பு ஹியர்ஸ்டின் ஸ்டார் கம்பெனி. ‘பஸ்டர் பிரவுன்’ என்ற தலைப்பு ஹெரால்டுக்கே உரியது என்று ஆனது. ஆனால் தலைப்பு போடாமல் அதே பையனை அவுட்கால்ட் புதிதாக வரைவதைத் தடுக்க முடியவில்லை. ஆக ஹெரால்டில் வேறு கைகள் வரைந்த ‘பஸ்டர் பிரவுன்’ தொடர்ந்தது. ஹியர்ஸ்டின் பத்திரிகையில் அதே பையன் நிலையான பெயரில்லாமல், வாரத்துக்கு ஒரு தலைப்போடு வந்தான்.

அன்றைக்கு ஹியர்ஸ்டுக்கு இது லாபம். தூக்கி வந்த ஓவியரோடு பாத்திரமும் வரும் என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்டுவிட்டது. தன் வீட்டிலிருந்தும் ஒருவரைத் தூக்கலாம் என்பதை அவர் எவ்வளவு தூரம் யோசித்தாரோ, அடுத்த ஆறு ஆண்டுகளில் நடந்தவற்றில் அதற்கான அறிகுறி இல்லை.

1912: விடுப்புக் கோரிக்கை

டர்க்ஸ் தீவிரமாக எண்ணெய் வண்ண ஓவியம் வரையத் தொடங்கியிருந்தார். 1913இல் நியூயார்க்கில் நடந்த ஆர்மரி கண்காட்சியில் அவருடைய படங்களும் இருந்தன. ஐரோப்பாவின் புதிய ஓவியப் போக்குகளை அமெரிக்கர்கள் பெரும் எண்ணிக்கையில் முதன்முதலாகப் பார்த்தது அந்தக் கண்காட்சியில்தான். முன்பு வேர்ல்டில் மஞ்சள் பையனை வரைந்த ஜார்ஜ் லக்ஸின் படங்களும் அங்கே இருந்தன. ஞாயிறு இணைப்புக்கு வரைந்தவர்களைக் கூலிக்குக் கோடிழுப்பவர்கள் என்று நினைத்தால் இந்தத் தகவல் கொஞ்சம் இடறும்.

1912இல் டர்க்ஸ் மனைவியோடு ஐரோப்பா போய்வர விடுப்பு கேட்டார். தம்பி கஸ் 1902லேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். இடையில் வீட்டிலேயே கைகொடுக்கக்கூடிய ஓவியர் என்று ஒருவர் இல்லை. பதினைந்து வருட வேலைக்குப் பிறகு கேட்ட ஓய்வு என்பதால் கோரிக்கை ஒன்றும் விபரீதமானது இல்லை.

ஹியர்ஸ்ட் தரப்பு சம்மதிக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மறுப்புக்குப் பின்னால் இருந்த கணக்கு புரியாதது அல்ல. ஞாயிறு இணைப்பின் முகமே இந்தத் தொடர். வாரம் ஒன்று தவறினால் வாசகர் எதிர்க் கடைக்குப் போவார் என்ற பயம் அந்த ஊரில் நிஜமான பயம். மேலும் அப்போது ஹியர்ஸ்டிடம் பல நகரங்களில் பத்திரிகைகள் இருந்தன. ஒரே பக்கத்தை எல்லாவற்றிலும் அச்சடித்து, மற்றப் பத்திரிகைகளுக்கும் விற்கும் முறை வளர்ந்துகொண்டிருந்தது. ஓவியர் ஒருவரின் கை நின்றால் பல ஊர்களில் பக்கம் காலியாகும்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. பக்கம் அவ்வளவு முக்கியம் என்றால், அதை வரைபவர் ஓய்வெடுக்கும் நாளுக்கு மாற்றுக் கையை முன்பே பழக்கியிருக்க வேண்டும். 1898இல் டர்க்ஸ் ஸ்பெயின்–அமெரிக்கப் போருக்குப் போனபோதே இந்தப் பிரச்சினை ஒரு தடவை தலைகாட்டியது. அப்போது சமாளித்துவிட்டார்கள் என்பதாலேயே யாரும் அதைத் தீர்க்கவில்லை என்று எனக்குப் படுகிறது. சமாளித்துவிட்ட சங்கடம் மறந்துபோகும்.

டர்க்ஸின் முடிவு: கிளம்பிவிடுவது. பதினைந்து வருடம் கையெழுத்துப் போட்டு வளர்த்த பக்கத்தைப் பின்னால் விட்டுப் போவது பெரிய சூதாட்டம். ஆனால் பஸ்டர் பிரவுன் வழக்கு ஊர் அறிந்தது. தலைப்பு போனாலும் பாத்திரம் தன்னோடு வரும் என்று நம்புவதற்கு அவருக்கு ஒரு முன்மாதிரி இருந்தது.

வேர்ல்டின் முடிவு: வாங்குவது. புலிட்சர் 1911 அக்டோபரில் இறந்துவிட்டார். பத்திரிகை வாரிசுகளின் கையில் இருந்தது. 1896இல் ஓவியரைப் பறிகொடுத்த அதே பத்திரிகைக்கு, பறித்தவரிடமிருந்தே ஒரு ஓவியரைப் பெறும் வாய்ப்பு. விடுவார்களா?

ஹியர்ஸ்டின் இரண்டாவது முடிவுதான் இந்த நிகழ்வில் எனக்கு அதிகம் பிடித்தது. தொடரைத் தொடர அவர் பக்கத்தில் தேர்ந்த ஆள் ஹெரால்டு நெர். நெர் 1903 முதல் பிலடெல்ஃபியாவின் ‘இன்குவைரர்’ பத்திரிகையில் ‘ஃபைன்ஹைமர் ட்வின்ஸ்’ என்ற படக்கதை வரைந்து வந்தவர். இரண்டு ஜெர்மன் போக்கிரிப் பையன்கள், உடைந்த ஆங்கிலம், கடைசியில் அடி. வேறு வார்த்தையில் சொன்னால், ஹான்ஸ்–ஃபிரிட்ஸின் அப்பட்டமான நகல். பதினோரு வருடம் நகலடித்துக் கை பழகியவரிடம் அசலைக் கொடுத்தார்கள். தேர்வு கச்சிதம். வாசகர்களில் பலருக்கு மாற்றமே தெரிந்திருக்காது. தெரிந்தவர்களில் சிலர் நெரின் கோடுதான் சுத்தம் என்றார்கள். இன்றும் அப்படிச் சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

1914: தீர்ப்பு

1914 ஜூன் 7ஆம் தேதி டர்க்ஸின் பையன்கள் வேர்ல்டில் வந்துவிட்டார்கள். அந்தத் தொடர் ‘ஹான்ஸ் உண்ட் ஃபிரிட்ஸ்’ என்ற பெயர் பெற்றது. ஹியர்ஸ்டின் ஸ்டார் கம்பெனிக்கும் வேர்ல்டை வெளியிட்ட பிரஸ் பப்ளிஷிங் கம்பெனிக்கும் இடையே வழக்கு நடந்தது.

முடிவு 1906இன் வழியிலேயே வந்தது. ‘காட்ஸன்ஜாமர் கிட்ஸ்’ என்ற தலைப்பு ஹியர்ஸ்டுக்கு. அந்தப் பெயரில் தொடரை யாரை வைத்தும் வரையலாம். டர்க்ஸ் தன் பாத்திரங்களை வேறு தலைப்பில், வேறு பத்திரிகையில் வரையலாம். பழைய பக்கங்களின் பதிப்புரிமை பழைய இடத்திலேயே இருக்கும். இனி வரையப்போகும் பக்கங்களுக்கு அது நீளாது.

1906இல் ஸ்டார் கம்பெனி ஓவியரைத் தூக்கி வந்த பக்கம் நின்றது. 1914இல் ஓவியரைப் பறிகொடுத்த பக்கம் நின்றது. கம்பெனி ஒன்றுதான், அது உட்கார்ந்த பெஞ்சு மட்டும் மாறியது. நீதிமன்றம் தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை.

இது சமரசத் தீர்ப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமரசத்தில் ஒருவர் எதையாவது விட்டுக்கொடுப்பார். இங்கே சட்டம் அறிந்திருந்த பொருள்கள் இரண்டே: அச்சான பக்கம், அதன் மேலிருக்கும் பெயர். நடுவில் நடமாடும் ஹான்ஸுக்கும் ஃபிரிட்ஸுக்கும் சட்டத்தில் இருக்கை இல்லை. அதனால் அவர்கள் இரண்டு வீட்டிலும் வளர்ந்தார்கள்.

அடுத்து நடந்தவை

முதல் சோதனை வழக்கால் வரவில்லை, போரால் வந்தது. 1917இல் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியதும் ஜெர்மன் வாடை அடிக்கும் எதுவும் வெறுப்புக்கு ஆளானது. இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய தலைப்பை ஹியர்ஸ்ட் 1918இல் தானே கழற்றி வைத்தார். தொடருக்கு ‘ஷெனானிகன் கிட்ஸ்’ என்று பெயர் மாறியது. ஹான்ஸும் ஃபிரிட்ஸும் மைக், அலெக் ஆனார்கள். குடும்பம் டச்சுக் குடும்பமாம். 1920இல் பழைய பெயர் திரும்பியது. வேர்ல்டிலும் அதே நெருக்கடி: ‘ஹான்ஸ் உண்ட் ஃபிரிட்ஸ்’ 1918இல் ‘தி கேப்டன் அண்ட் தி கிட்ஸ்’ ஆனது. அந்தப் பெயரே கடைசிவரை நின்றது. நீதிமன்றத்தில் யாருக்கு எந்தப் பெயர் என்று அடித்துக்கொண்ட நான்கே ஆண்டுகளில் இரண்டு தரப்பும் அந்தப் பெயர்களை ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் இரண்டு தொடர்களும் மெல்ல மெல்ல வெவ்வேறு உலகங்களாயின. நெர், பையன்களுக்குப் போட்டியாக ரோலோ என்ற அடக்கமான பாசாங்குக்காரனையும், ட்விடில் என்ற ஆசிரியையையும் கொண்டுவந்தார். டர்க்ஸ் பக்கத்தில் கடற்கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். செய்யுளில் மட்டுமே பேசும் கிங்கா டன் என்ற இந்திய வியாபாரியும் வந்தார். ஆங்கிலேயக் கவிதை ஒன்றில் வரும் தண்ணீர் சுமப்பவர் பெயரைத் திருப்பிப் போட்ட கேலி அது. நம் வாசகர்களுக்கு அது எப்படி இனிக்கும் என்பது வேறு விஷயம்.

சலனப்படத்திலும் இதே பிரிவினை. ஹியர்ஸ்டின் நிறுவனம் 1916 முதல் 1918 வரை ‘காட்ஸன்ஜாமர் கிட்ஸ்’ கேலிப்படங்கள் எடுத்தது. 1938இல் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்தது ‘தி கேப்டன் அண்ட் தி கிட்ஸ்’. தியேட்டரில் உட்கார்ந்தவருக்கு இரண்டும் ஒரே குடும்பம்தான்.

1915இல் ஹியர்ஸ்ட் தன் படக்கதை வியாபாரத்தைக் கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட் என்ற பெயரில் ஒழுங்குபடுத்தினார் (சிண்டிகேட் என்றால் ஒரே படக்கதையைப் பல பத்திரிகைகளுக்கு விற்கும் நிறுவனம்). வேதாளரையும் மாண்ட்ரெக்கையும் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த நிறுவனத்தின் சரக்கு நல்ல பழக்கம். ஓவியர் மாறினாலும் தொடர் மாறாமல் ஓடும் வழக்கத்தை நாம் அங்கே இயல்பாக எடுத்துக்கொண்டோம். ஹான்ஸ்–ஃபிரிட்ஸ் விவகாரம் நடந்த நாளில் அது இயல்பான ஒன்றாக இல்லை. நெர் 1949இல் இறந்த பிறகும் வெவ்வேறு கைகள் ‘காட்ஸன்ஜாமர் கிட்ஸ்’ தொடரைத் தொடர்ந்தன. புதிய பக்கங்கள் 2006 வரை வந்தன.

டர்க்ஸுக்கு மட்டும் நிம்மதி முழுசாக வரவில்லை. 1931இல் வேர்ல்டு கைமாறி நின்றுபோனது. தொடர் யுனைட்டட் ஃபீச்சர் சிண்டிகேட்டுக்குப் போனது. அடுத்த ஆண்டே ஒப்பந்தத் தகராறு. டர்க்ஸ் விலகினார். பெர்னார்டு டிபிள் என்ற ஓவியர் ‘தி கேப்டன் அண்ட் தி கிட்ஸ்’ தொடரை 1937 வரை வரைந்தார். அதாவது 1912இல் ஹியர்ஸ்டிடம் நடந்தது இருபது ஆண்டு கழித்து எதிர்முகாமிலும் நடந்தது. இந்தத் தடவை டர்க்ஸ் திரும்பி வந்தார். 1950களின் இறுதியில் மகன் ஜான் டர்க்ஸிடம் பொறுப்பைக் கொடுத்தார், 1968இல் காலமானார். மகன் வரைந்த தொடர் 1979இல் நின்றது.

எதை மாற்றியிருக்கலாம்

ஹியர்ஸ்டின் இடத்திலிருந்து பார்த்தால் மாற்ற வேண்டிய முதல் இடம் 1912 அல்ல, 1906. பஸ்டர் பிரவுன் வழக்கில் தலைப்பும் பாத்திரமும் தனித்தனி என்று தெரிந்த மறுநாளே தன்னிடம் இருக்கும் ஓவியர்களோடு உட்கார்ந்து எழுதி முடித்திருக்க வேண்டிய விஷயம் இது. விடுப்பு எவ்வளவு, அப்போது யார் வரைவது, அந்த வரைவுக்கு யார் பெயர் போடுவது, பிரிந்தால் பாத்திரம் யாரோடு. பிரிந்தபின் வழக்குக்குச் செலவானதோடு ஒப்பிட்டால் சில மாத விடுப்பு மலிவு.

டர்க்ஸின் இடத்திலிருந்து பார்ப்பது கொஞ்சம் கடினம். இருபது வயதில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், ஆசிரியர் கேட்ட மாதிரியில் வரைகிறார். அப்போது உரிமை பேச அவருக்குப் பலம் இல்லை. தொடர் ஓடும் என்றும் யாருக்கும் தெரியாது. 1902க்குள் அது ஓடும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தச் சமயத்தில் பேசியிருக்கலாம்.

பேசாமலே செய்து காட்டிய ஒருவர் இருக்கிறார். பட் ஃபிஷர் 1907 நவம்பர் 15ஆம் தேதி ‘சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கிள்’ பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் குதிரைப் பந்தயப் பைத்தியம் ஒருவரை வரையத் தொடங்கினார். பிற்பாடு ‘மட் அண்ட் ஜெஃப்’ ஆன தொடர் அது. ஒரே மாதத்தில் ஹியர்ஸ்டின் ‘எக்ஸாமினர்’ அவரைத் தூக்கியது. போகும் முன், குரோனிக்கிளில் வந்த தன் கடைசிப் படக்கதைப் பட்டைகளில் பதிப்புரிமை தன்னுடையது என்ற ஒரு வரியைத் தானே எழுதிச் சேர்த்துவிட்டார். குரோனிக்கிள் வேறொருவரை வைத்துச் சில மாதம் வரைந்து பார்த்துவிட்டு நிறுத்தியது. 1915இல் ஃபிஷர் ஹியர்ஸ்டை விட்டும் கிளம்ப, ஹியர்ஸ்ட் தரப்பு மட், ஜெஃப் இருவரையும் வேறு கையால் வரைய முயன்றது. 1921இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபிஷர் பக்கம் நின்றது. அந்தப் பாத்திரங்கள் மக்கள் மனதில் அவருடையவையாகப் பதிந்துவிட்டன, மற்றவர் வரைந்து விற்பது நேர்மையற்ற போட்டி என்பது அதன் சாரம். டர்க்ஸுக்குக் கிடைக்காத பதில் அது. தலைப்பு, பாத்திரம் இரண்டும் ஒரே கையில்.

ஆனால் இதனால் ஓவியர்களுக்குக் காலம் விடிந்துவிடவில்லை. முதலாளிகளும் அதே தீர்ப்புகளைத்தான் படித்தார்கள். சிண்டிகேட்டுகள் தலைப்பு, பாத்திரம், எதிர்காலப் பக்கங்கள் எல்லாவற்றையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கும் வழக்கம் பெருகியது. 1938இல் சூப்பர்மேனை உருவாக்கிய இரண்டு இளைஞர்கள் 130 டாலருக்கு எல்லா உரிமையையும் கொடுத்துவிட்டார்கள்.

டர்க்ஸ் 1932இல் மறுபடி அதே இடத்தில் மாட்டிக்கொண்டதைப் பார்க்கும்போது, 1914 தீர்ப்பு அவரை ஒரு விதத்தில் ஏமாற்றிவிட்டது என்று நினைக்கத் தோன்றுகிறது. பாத்திரங்களை வரையும் உரிமையைக் கொடுத்தது, பத்திரிகை இல்லாமல் அதை வைத்துப் பிழைக்க வழி கொடுக்கவில்லை. புதிய தலைப்பும் புதிய முதலாளியின் பெட்டியில் போய்விழுந்தது.

இந்தச் சுற்றிலிருந்து வெளியே வந்தவர்களில் மில்டன் கனிஃப் ஒருவர். 1934 முதல் அவர் வரைந்த ‘டெர்ரி அண்ட் தி பைரேட்ஸ்’ சிண்டிகேட்டின் சொத்து. அதோடு வழக்காடாமல் 1946 இறுதியில் கடைசிப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். டெர்ரியை வேறொரு ஓவியர் 1973 வரை வரைந்தார். கனிஃப் 1947 ஜனவரியில் ‘ஸ்டீவ் கேன்யன்’ தொடங்கினார்; அதன் உரிமை யாருடையது என்பது முதல் கட்டம் வரைவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் முடிவாகியிருந்தது.